வேர்க்கும் வார்ப்பிரும்பு

தீபாவளிக்கு முதல் நாள் பிற்பகலிலேயே தச்சுப்பட்டறைகளின் ஷட்டர் இறங்கிவிடும். வெளியூர்ப் பையன்கள் பஸ் பிடிக்க வேண்டும், முதலாளிக்கு வீட்டில் ஆயிரம் வேலை. கடைசியாக இழைத்த கதவுச் சட்டத்தின் சீவல் மெஷின் மேசையிலேயே கிடக்கும். ஐந்தாறு நாள் கழித்துத் திறந்தால் மேசை முழுக்கப் பழுப்புப் படலம். சீவல் கிடந்த இடத்தில் அதன் சுருள் வடிவத்திலேயே கறுப்புத் தழும்பு. கூரை எங்கும் ஒழுகவில்லை, சன்னல் வழியே சாரலும் அடிக்கவில்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான். இழைப்பு மெஷினின் மேசை ஒற்றை ஆளால் தூக்க முடியாத கனமுள்ள வார்ப்பிரும்பு. அவ்வளவு கனம் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் ஆறவும் ஆறாது. மழை இரவில் பட்டறைக்குள் வெப்பம் 24 டிகிரிக்கு இறங்கினால், விடிவதற்குள் மேசையும் அந்த அளவுக்கு வந்துவிடும். காலையில் மழை விட்டு வெயில் அடிக்கிறது, கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று உள்ளே நுழைகிறது. அந்தக் காற்றின் வெப்பம் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அது 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே தன்னிடமுள்ள நீராவியைத் துளியாக இறக்கத் தொடங்கும். மேசையோ இன்னும் 24, 25-லேயே நிற்கிறது. ஐஸ் மோர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வெளியே வேர்ப்பதுபோல இரும்புக்கு வேர்க்கிறது. பத்து மணிக்கு மேல் இரும்பும் சூடேறி அந்த ஈரம் காய்ந்துவிடும். பூட்டிய பட்டறையில் அதைப் பார்க்க யாருமில்லை. மறுநாளும் இதே கதை.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்குக் கொஞ்சம் மெழுகும் கொஞ்சம் எண்ணெயும் போதும். புரிந்துகொள்ளாதவர் ஒவ்வொரு ஐப்பசியிலும் எமரித் தாளை எடுத்துத் தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்க மேசையின் மட்டம் போகும். துருவால் கெட்ட மெஷின்களைவிட, துருவை எடுக்கிறேன் என்று கெடுத்த மெஷின்களே அதிகம் என்பது என் கட்சி.

கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வேர்த்தால்தான் துருப்பிடிக்கும் என்றும் இல்லை. பிரிட்டிஷ் வேதியியலாளர் டபிள்யூ.எச்.ஜே. வெர்னான், காற்றின் ஈரப்பதம் ஓர் எல்லையைத் தாண்டும்போது இரும்பின் அரிமானம் திடீரென்று வேகமெடுப்பதை 1920, 30-களில் சோதனை செய்து காட்டினார். அந்த எல்லை சுமார் 60 சதவீதம். அதற்குக் கீழே இரும்பு பெரும்பாலும் சும்மா இருக்கும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ மழைக்காலத்தில் ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கும் நேரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடலோரத்தில் உப்பும் கூட்டுச் சேர்கிறது. சாதாரண உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் வறண்ட காற்றில்கூட ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேசையில் படிந்த உப்புத்தூசி, மழை இல்லாத நாளிலும் இரும்பின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலத்தைக் காத்து வைத்திருக்கிறது என்று பொருள். அலை உடையும் இடத்திலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே வந்தாலே காற்றில் உப்பு வெகுவாகக் குறையும். அதனால் ஒரே ஊரில் கடற்கரைத் தெருப் பட்டறைக்கும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துப் பட்டறைக்கும் ஒரே வைத்தியம் பொருந்தாது.

இந்த விஷயத்தையும் ஆராயும் பெரிய கூடம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இந்தியாவில் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு தின்னும் என்று காட்டும் அரிமான வரைபடத்தை உருவாக்கியவர்கள் இவர்கள். மண்டபம் என்ற ஊரில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்துச் சோதித்தவர்களும் இவர்களே. பர்மாத் தேக்குக் கதவுக்கும் நிலைக்கும் பேர்போன ஊரில் இப்படியொரு நிலையம் அமைந்தது தற்செயல்தான். ஆனால் மரமும் இரும்பும் சேர்ந்து வாழும் பிரச்சினையைப் பேச அதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

ஏனென்றால் தச்சுப்பட்டறையில் மூன்றாவதாக ஓர் எதிரி உண்டு. அது மரம்.

கருவேலம், வேங்கை போன்ற மரங்களில் துவர்ப்புப் பொருளான டானின் நிறைய உண்டு. ஈரமான துண்டு ஒன்றை இரவு முழுக்க வார்ப்பிரும்பின் மேல் போட்டுவிட்டால், காலையில் நீலம் பாய்ந்த கறுப்புக் கறை இருக்கும், மேசையிலும், மரத்திலும். டானினும் இரும்பும் சேர்ந்து இரும்பு டானேட் ஆகிவிட்டது. இது பட்டறைக்காரருக்குத் தொல்லை, ஆனால் சாயக்காரருக்குப் பிழைப்பு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் கருப்பூர்க் கலம்காரித் துணியில் தெரியும் கறுப்புக்கும் அடிப்படை இதே வேதியியல்தான். துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லம் கரைத்த நீரில் பல நாள் ஊறப்போட்டுப் புளிக்க வைத்து எடுக்கும் கரைசல், கடுக்காய்ப் பாலில் நனைத்த துணியில் பட்டதும் கறுக்கும். மெஷின் மேசையில் வேண்டாமலே அந்தக் கலை நடந்துவிடுகிறது.

எல்லா மரமும் இந்த அளவுக்குப் பொல்லாதது இல்லை. 1860-ல் பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட ‘வாரியர்’ என்ற இரும்புக் கப்பலின் கவசம் நாலரை அங்குல இரும்பு. அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. ஆங்கிலேயர்களின் சொந்த மரமான ஓக் இரும்பை அரிக்கும், ஆணியைச் சுற்றிக் கறுத்துப்போகும். எண்ணெய்ப்பசை உள்ள தேக்கு இரும்போடு ஒத்துப்போகும் மரம் என்று கப்பல் தச்சர்கள் மதித்தார்கள். தேக்கு மட்டுமே இழைக்கும் பட்டறையில் மேசை கொஞ்சம் நல்ல நிறத்தில் இருப்பதை நீங்களும் கவனித்திருக்கலாம். ஆனால் எந்த மரமானாலும் தூள் தூள்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சித் தன்னிடம் வைத்துக்கொள்ளும். மேசைமேல் விரல் கனத்துக்குக் கிடக்கும் மரத்தூள், இரும்பின் மேல் ஈரத்துணி போர்த்தியதற்குச் சமம். பூட்டுவதற்கு முன் பெருக்கித் தள்ளுவது சுத்தத்துக்காக என்று நினைத்துப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். துருத் தடுப்பில் பாதி அந்த விளக்குமாற்றில் இருக்கிறது.

தேய்க்கும் முன்

துரு பிடித்துவிட்டது, எடுத்தாக வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் அவசரப்படுகிறார்கள். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷையோ ஃபிளாப் டிஸ்க்கையோ மாட்டி ‘விர்’ரென்று ஒரு சுற்று சுற்றினால் மேசை கண்ணாடி மாதிரி பளபளக்கும். பார்க்க அழகாக இருக்கும். நேர்ச்சட்டம் ஒன்றை மேலே நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தால், கீழே அங்கங்கே ஒளி தெரியும். ஒரு சாதாரண ஏ4 தாளின் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்தத் தாள் நுழைகிற அளவுக்கு இழைப்பு மெஷின் மேசையில் குழி விழுந்தால், இரண்டு பலகையின் ஓரத்தை இழைத்துச் சேர்க்கும்போது நடுவில் இடைவெளி நிற்கும். பசையை அள்ளிப் போட்டு, கிளாம்ப் முறுக்கி, அதையும் சமாளிப்பார்கள். இரண்டு கோடை தாண்டியதும் மேசைப்பலகை அந்த இடத்தில் விரியும். அதற்கும் பழி மரத்தின் தலையில்தான் விழும்.

மேசை மட்டமாக இருக்க வேண்டும், வழுக்க வேண்டும். பளபளக்க வேண்டிய அவசியம் இல்லை. துரு போன பிறகு மிஞ்சும் சாம்பல்நிறக் கறையும், ஊசிமுனை போன்ற குழிகளும் வேலையைக் கெடுக்காது. மரம் அவற்றின் மேல் தாண்டிப் போய்விடும். கறையைத் துரத்திக்கொண்டு போகிறவர் நல்ல இரும்பை அள்ளுகிறார்.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரம்பத்தையோ இழைப்புக் கத்தியையோ கழற்றி வைத்துவிட வேண்டும். பிறகு மண்ணெண்ணெய். ரேஷனில் அது அரிதாகிவிட்டதால் டர்பன்டைன் போதும். அதை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவிட்டு, சவர பிளேடு ஒன்றைக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினால் துருவின் மேல்தோல் பசைபோல வழித்துக்கொண்டு வரும். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரை அதே எண்ணெயில் நனைத்துத் தேய்ப்பது அடுத்த படி. தீபாவளி விடுமுறைத் துருவெல்லாம் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் மட்டும் 320 அல்லது 400 நம்பர் வாட்டர் பேப்பர். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். மட்டமான மரக்கட்டையில் தாளைச் சுற்றி, மரம் ஓடுகிற திசையிலேயே, மேசை முழுவதும் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். கைடு ஓடும் பள்ளத்துக்குள் அந்தப் பள்ளத்தின் அகலத்துக்குச் சீவிய குச்சி ஒன்றில் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். மரை உள்ள இடத்தில் பித்தளைக் கம்பி பிரஷ் நல்லது. இரும்புக் கம்பி மரையின் முனையை மழுக்கிவிடும்.

கடைசியில் துடைக்க எந்தத் துணியும் ஆகும் என்றாலும், தமிழ்நாட்டுப் பட்டறைகளில் கிலோக் கணக்கில் வாங்கி வைக்கும் திருப்பூர் பனியன் வேஸ்ட் இதற்கென்றே பிறந்த பொருள். நன்றாக உறிஞ்சும், நூல் விடாது. எண்ணெயும் டர்பன்டைனும் ஊறிய வேஸ்டைக் குவித்து வைக்காமல் விரித்துக் காயப்போட வேண்டும். மரத்தூள் நிறைந்த இடத்தில் தீ பிடிக்க அந்தக் குவியலே போதும்.

புளிப்பின் பலமும் பலவீனமும்

கழற்றக்கூடிய பாகங்களுக்குத் தேய்ப்பதைவிட ஊறவைப்பது மேல். போல்ட், நட்டு, கைப்பிடித் தண்டு, சட்டத்தின் சிறு வார்ப்புகள் எல்லாவற்றையும் கடையில் விற்கும் வினிகரில் இரவு முழுக்கப் போட்டு வைக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு இன்னும் மலிவு. லிட்டருக்கு 50 கிராம் கரைத்தால் போதும், சில மணி நேரத்தில் துரு கரையும். புளி கரைத்த நீருக்கும் இந்தக் குணம் உண்டு, டார்டாரிக் அமிலம் செய்கிற வேலை அது. என்ன, மெஷின் பாகத்துக்குப் புளி என்றால் வீட்டில் பதில் சொல்லியாக வேண்டும்.

அமிலத்துக்குத் துரு எது, இரும்பு எது என்ற பேதம் முழுதாகத் தெரியாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தொடும். அதிக நேரம் கிடந்த வார்ப்பிரும்பில் இரும்பு கரைந்து, அதற்குள் இருக்கும் கிராஃபைட் கறுப்பு மையாகக் கையில் ஒட்டும். ஆகவே இடையிடையே எடுத்துப் பார்க்க வேண்டும். எடுத்ததும் தண்ணீரில் அலசி, ஆப்ப சோடா கரைத்த நீரில் ஒருமுறை முக்கி, உடனே சூடுபடுத்திக் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அமிலம் கழுவிய இரும்பு அம்மணமான இரும்பு. கால் மணி நேரம் சும்மா வைத்தாலே மஞ்சள் பூத்துவிடும். ஸ்பிரிங், கடினப்படுத்திய எஃகுப் பாகங்கள் ஆகியவற்றை அமிலத்தில் போடவே கூடாது. உண்டாகும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும்படி செய்துவிடும்.

கழிவறை கழுவும் ஆசிட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை நிமிடங்களில் தின்னும், உண்மை. ஆனால் அதன் ஆவி பட்டறை முழுக்கப் பரவி, அந்தப் பக்கமே போகாத ரம்பத்திலும் உளியிலும் துளை மெஷினிலும் மறுநாள் புதுத் துருவை வரவழைக்கும். ஒரு போல்ட்டைக் காப்பாற்றப் போய்ப் பத்து மெஷினுக்கு நோய் கொடுக்கிற வைத்தியம் இது. நுரையீரலுக்கும் ஆகாது. பட்டறைக்குள் அந்தப் பாட்டிலுக்கே இடம் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பாஸ்பாரிக் அமிலம் வேறு ஜாதி. அது துருவைக் கரைப்பதோடு நிற்காமல் இரும்பின் மேல் இரும்பு பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்லும். டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாக நிற்பதற்கும், பழைய முறையில் உருக்கிய அந்த இரும்பில் கூடுதலாக இருக்கும் பாஸ்பரஸ் காலப்போக்கில் உண்டாக்கிய ஹைட்ரஜன் பாஸ்பேட் படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். அந்தப் படலம் நமக்குக் கடையில் பாட்டிலில் கிடைக்கிறது. ஆனால் அது மங்கலான கரும்படலம். மெஷினின் காலுக்கும் உடம்புக்கும் பெயின்ட் அடிக்கும் முன் பூசலாம். மரம் வழுக்கிப் போகிற மேசையில் பூசாதீர்கள்.

பல வருடத் துருவேறிய பாகத்துக்கு என் வாக்கு மின்பகுப்பு முறைக்கு. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த பாகத்தில் கவ்வ வேண்டும், பாசிட்டிவ் முனையை ஒரு பழைய இரும்புக் கம்பியில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. சார்ஜரைப் போட்டதும் பாகத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். மறுநாள் காலை துரு கறுத்து இளகி, பிரஷ்ஷால் தள்ளினாலே உதிரும். இதில் நல்ல இரும்பு கரைவதில்லை என்பதுதான் அழகு. கம்பியைப் பார்க்கும் பக்கம் மட்டுமே நன்றாகச் சுத்தமாகும், ஆகவே நடுவில் திருப்பிப் போட வேண்டும். கம்பிக்குப் பதிலாக எவர்சில்வர் வைத்தால் தேயாதே என்று சிலருக்கு யோசனை வரும். வேண்டாம், அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் நீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். கிளம்பும் குமிழி ஹைட்ரஜன் என்பதால் வெட்டவெளியில் செய்வது நல்லது, பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. அலுமினியப் புல்லியைத் தவறிப் போட்டுவிட்டால் சோடா அதைத் தின்றுவிடும்.

எண்ணெயா, மெழுகா

துரு எடுத்த அன்றே காப்பும் பூச வேண்டும். பட்டறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெயோ எஞ்சின் ஆயிலோதான். இழைப்புளியின் அடியிலும் உளியிலும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுவது ஆசாரிமார்களின் பழைய பழக்கம், தினமும் புழங்கும் கைக்கருவிக்கு அது போதும். மாதக்கணக்கில் விட்டால் எண்ணெய் காறிப்போகும், காறலில் பிறக்கும் கொழுப்பு அமிலம் இரும்புக்கு ஆகாது. எஞ்சின் ஆயில் காறாது. ஆனால் மேசையில் தடவினால் மரத்தில் ஏறும், பாலிஷ் ஏறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். போதாக்குறைக்கு மரத்தூளைப் பிடித்துச் சேறாக்கும்.

பெரும்பாலோர் கையில் எடுக்கும் இன்னொரு பொருள் டபிள்யூடி-40. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய உறை துருப்பிடிக்காமல் இருக்க, நீரை விரட்டும் கலவை ஒன்றைத் தேடியது. நாற்பதாவது முயற்சியில் சரிவந்த கலவை என்பதால் அந்தப் பெயர். நனைந்த மெஷினில் ஈரத்தை விரட்டவும், இறுகிய நட்டை இளக்கவும், துருவை ஊறவைத்துத் தேய்க்கவும் அது நல்ல சரக்கு. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மிஞ்சும் எண்ணெய்ப்படலம் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. அதை அடித்துவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து அந்தக் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

மேசைக்கு மெழுகுதான். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையிலிருந்து வரும் கார்னோபா மெழுகு 80 டிகிரிக்கு மேலும் தாங்கும், காய்ந்தால் கெட்டியான தோல். இரண்டும் கலந்த பேஸ்ட் மெழுகு கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் தேன்மெழுகைச் சீவி டர்பன்டைனில் போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கலாம், அதுவும் அடுப்பிலிருந்து தள்ளி வைத்து. மெல்லப் பூசி, மங்கியதும் துணியால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். மேசை வழுக்கும், மரம் தள்ளக் கை வலிக்காது, மரத்தில் கறையும் ஏறாது. தரைக்குப் போடும் மெழுகு பாலிஷைச் சிலர் பயன்படுத்துகிறார்கள், நிறமில்லாததாகப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்புத் தரைக்கு வரும் பாலிஷில் இருப்பது ரெட் ஆக்சைடு. அது வேதியியல்படி துருவின் பங்காளிதான்!

கார் பாலிஷ் வேண்டாம். பெரும்பாலானவற்றில் சிலிகோன் இருக்கும். அது மேசையிலிருந்து பலகைக்குத் தாவினால், பின்னால் மெலமைனோ பி.யூ. பாலிஷோ அடிக்கும்போது வட்ட வட்டமாகக் குழி விழும். பாலிஷ்காரர் காரணம் தெரியாமல் தின்னரை மாற்றிப் பார்ப்பார், கம்ப்ரசரைச் சந்தேகிப்பார். குற்றவாளி பக்கத்து அறையில் இழைப்பு மெஷினாக நின்றுகொண்டிருக்கும்.

மேசையை ஏற்றி இறக்கும் திருகு, சரியும் தடம் ஆகியவற்றிலும் வழவழ கிரீஸை அப்பக் கூடாது, தூளோடு சேர்ந்து அது சிமென்ட்போல் இறுகும். அங்கேயும் மெழுகு, அல்லது கிராஃபைட் பொடி. தூள் நுழையாத பேரிங், கியர்பெட்டி இரண்டுக்கும்தான் கிரீஸும் ஆயிலும். ஓடாமல் நிற்கும் மெஷினை வாரம் ஒருமுறை ஓட்டிவிடுவது நல்லது. உருளைகள் ஒரே இடத்தில் நின்றால் கிரீஸ் வழிந்து, தொடும் புள்ளியில் துருவின் வரி விழும். அதன் பிறகு எந்த கிரீஸாலும் அந்தச் சத்தத்தை அடக்க முடியாது.

போர்த்துவதற்கு பிளாஸ்டிக் தாளை எடுப்பது இயல்பு, ஆனால் அது ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். சிமென்ட் தரையிலிருந்து ஏறும் ஈரமும் அதற்குள் சிக்கும். பழைய பருத்தி வேட்டியோ போர்வையோ காற்றை விடும், தூசியையும் உப்பையும் நிறுத்தும். கோணிப்பை கூடாது, அது ஈரம் குடிக்கும். மெஷின் பெட்டிக்குள் சிறு பல்பு ஒன்றை எரியவிடுவது பழைய உத்தி. இரும்பு சுற்றுக்காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருந்தால் வேர்க்காது, அவ்வளவுதான் அதன் ரகசியம். தூளைத் துடைத்து, பல்புக்குக் கம்பிக்கூடு போட்டால்தான் இதைச் செய்யலாம். மூடிய கருவிப்பெட்டிக்குள் சிலிகா ஜெல் போடலாம். வாகன உதிரிபாகங்களைச் சுற்றி வரும் துருத்தடுப்புக் காகிதம் கிடைத்தால் அதுவும் நன்றாக வேலை செய்யும். அதிலிருந்து கிளம்பும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து காக்கும். சூடம் போட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பிப் பெட்டியை மூடாதீர்கள்.

வெள்ளத்துக்குப் பிறகு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்தது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் மெழுகு காப்பாற்றாது, அதன் பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் காப்பாற்றும்.

தண்ணீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் தப்பு. மோட்டாரின் வைண்டிங் அப்போதே எரியும். இரண்டாவது, சேறு காயட்டும் என்று காத்திருப்பது. காய்ந்த சேறு உப்பையும் சாக்கடையையும் இரும்போடு ஒட்டவைக்கும். ஈரமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரை அடித்துக் கழுவ வேண்டும். ஏற்கெனவே நனைந்த இரும்புக்கு இன்னும் நல்ல தண்ணீர் பட்டால் நஷ்டமில்லை. பிறகு கார் கழுவும் புளோயரோ கம்ப்ரசரோ கொண்டு இடுக்குகளில் காற்றை அடித்து, நீர் விரட்டும் ஸ்பிரேயை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். இதற்காகவே பிறந்தது அது. மோட்டாரைக் கழற்றி வைண்டிங் கடைக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் சூடுபடுத்திக் காயவைத்து, மெக்கர் வைத்து இன்சுலேஷனைப் பார்த்துச் சொல்லும் வரை இணைப்புக் கொடுக்கக் கூடாது. கியர்பெட்டி ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வடித்து மாற்ற வேண்டும். சீல் வைத்த பேரிங்கைக் கழுவிப் போடலாமா என்று யோசிக்கவே வேண்டாம். பேரிங் விலை சில நூறு ரூபாய், அது இறுகித் தின்றுபோடும் தண்டின் விலை பல ஆயிரம்.

வெள்ளத்துக்குப் பிந்தைய மாதங்களில் பழைய மெஷின் வியாபாரம் சூடு பிடிக்கும். புதுப் பெயின்ட் அடித்த இழைப்பு மெஷின் பாதி விலைக்கு வரும். இங்கே பார்க்கத் தெரிந்தவருக்கு மேசையின் செந்துரு பயமே இல்லை, அது விலை குறைக்கும் நண்பன். உதாரணத்துக்கு, இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறைமுகத்தில் 1800-களின் தொடக்கத்தில் மார்க் பிரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த கப்பி செய்யும் மெஷின்கள் 45. கடற்காற்றிலேயே நின்று, மரம் அறுத்து, நூறாண்டுக்கு மேல் ஓடியவை அவற்றில் உண்டு. சிலவற்றை இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தடித்த வார்ப்பிரும்புக்கு மேல்தோல் துரு ஒரு பொருட்டே இல்லை.

பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கட்டர் பிளாக்கைக் கையால் மெல்லச் சுற்றுங்கள், நெறுநெறுவென்றால் பேரிங் போய்விட்டது, அதைப் பேரத்தில் கழிக்கலாம். தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருக்கிறது, அங்கே செலவு ஏறும். கத்தி உட்காரும் பள்ளத்திலும், அதை இறுக்கும் போல்ட்டின் மரையிலும் துரு தின்றிருந்தால் என்ன விலை சொன்னாலும் வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும்போது கத்தி பிடிவிட்டால் அது ஆளை நோக்கித்தான் வரும். கடைசியாக நேர்ச்சட்டமும் ஒரு ஏ4 தாளும் கையோடு கொண்டு போங்கள். மேசையின் குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை வைத்துப் பார்க்கும்போது தாள் எங்காவது சுலபமாக நுழைந்தால், முன்னால் வைத்திருந்தவர் கிரைண்டரால் துரு எடுத்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு அடுத்த மெஷினைப் பார்க்கலாம்.